மூக்கனுக்குப் புது டயர்

மூக்கனின் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, பழைய டயர்களைக் கழற்றி எறிந்து, புது டயரைக் கையில் எடுத்த பிறகுதான் தெரிந்தது, டயரும் ரிம்மும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்று.

"அகலம் கூடிப்போச்சு நானா," என்றான் கஜேந்திரன்.

"டயர்ல அகலம் கூடல்ல தம்பி. ஒங்கட ரிம்முதான் ஒடுக்கம்," என்றார் ரஸாக் நானா.

யட்டியாந்தோட்டை பஸாரில் டயர் கடை வைத்திருக்கும் அப்துல் ரஸாக்குக்கு அப்படி ஒரு குணம். அவர் கடைச் சாமானில் குறையே வராது. குறையெல்லாம் அதை வாங்க வருகிற வண்டியில்தான் இருக்கும்.

"நீங்கதானே நானா இதை எடுக்கச் சொன்னீங்க?"

"சொன்னேன் தானே. பாருங்க இந்தப் பூவ!" என்று டயரின் ஆழமான வெட்டுகளுக்குள் விரலை விட்டுக் காட்டினார். "சேத்துல வச்சா சேறே பயந்து ஒதுங்கும். இந்த மாதிரி டயர் போட்டுட்டு எந்த மேட்டுலயும் நிக்க ஏலாது. நிக்க நெனச்சாலும் நிக்க ஏலாது!"

அந்தக் கடைசி வார்த்தையில் கஜேந்திரன் விழுந்துவிட்டான். அவனுக்கு வேண்டியது அதுதான். நிற்கவே கூடாது. செத்தாலும் நிற்கக் கூடாது.

மூக்கன் என்பது அவனுடைய லொறி. முன்னால் நீண்ட மூக்கு, பின்னால் இரும்புத் தூண், தூணில் கொக்கி. புளத்கொகுபிட்டியப் பாதையில் பள்ளத்துக்குள் இறங்கிய வேனும், வளைவு முடக்கில் மூச்சை விட்ட பஸ்ஸும் மூக்கனின் கொக்கியில் தொங்கித்தான் பஸாருக்கு வந்துசேரும். ஊர் வண்டியை எல்லாம் இழுத்துத் தள்ளுகிற அந்த மூக்கன், போன வருஷம் ஒரே ஒரு தரம் நின்றுவிட்டான். நின்ற நேரத்தைப் பாருங்கள்: சாட்சாத் மாரியம்மன் தேரை இழுத்துக்கொண்டு போகையில்!

கல்லுமலைத் தோட்டத்து மாரியம்மன் தேர், வருஷா வருஷம் அடிவாரப் பிரிவான கீழ்க்கணக்குக் கோயிலில் புறப்பட்டு மலையேறி, மேல்கணக்குக் கோயிலில் ஓர் இரவு தங்கி, மறுநாள் இறங்கும். வழியில் லயம் எனப்படும் தொழிலாளர் வீட்டு வரிசை ஒவ்வொன்றின் வாசலிலும் நிற்கும். தேங்காய் உடைப்பார்கள், கற்பூரம் எரியும், பிள்ளைகள் நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொள்வார்கள். பத்தாம் லயத்துக்கு மட்டும் அது இல்லை. அந்த லயம் செங்குத்து மேட்டின் நட்டநடுவில் இருக்கிறது. அங்கே நிறுத்தினால் தேர் பின்னுக்கு உருளும் என்று கோயில் கமிட்டி எந்தக் காலத்திலோ தீர்மானம் போட்டுவிட்டது. பத்தாம் லயத்துச் சனம் அர்ச்சனைத் தட்டைத் தூக்கிக்கொண்டு மேலே பள்ளிக்கூடத் திடலுக்கு ஓடும். பழகிப்போன சங்கதி, யாரும் அதைப் பேசுவதில்லை.

போன வருஷம் மூக்கனின் டயர்கள் கஜேந்திரனுடைய மாமனாரின் தலையைவிட வழுக்கை. தேர் ஏறும் நேரம் பார்த்து மழை தூறியது. பத்தாம் லயத்து வாசலுக்கு நேரே வந்ததும் சக்கரம் சுற்றியது, புகை வந்தது, ரப்பர் வாடை வந்தது. லொறி மட்டும் வரவில்லை. சக்கரத்துக்குக் கல் கொடுத்து நிறுத்தி, சாக்குப் போட்டு, மண்ணைக் கொத்தி என்னென்னவோ செய்தும் விடிந்து வெயில் ஏறும்வரை அம்மன் அங்கேயேதான் நின்றாள்.

"அம்மா நிக்கணும்னு நெனச்சா நிக்கிறா. நம்ம கையில என்னா இருக்கு," என்று பூசாரி தேரிலேயே சாய்ந்து தூங்கிவிட்டார்.

கஜேந்திரன் இராமுழுக்க லொறிக்கு அடியில் சேற்றில் கிடந்தான். தலைக்கு மேலே பத்தாம் லயமே கூடி நின்று சிரித்தது. தப்பு அடித்தார்கள், பாடினார்கள், பொங்கல்கூட வைத்தார்கள். அவன் மானம் போன கதையை ஒரு லயமே பொங்கல் வைத்துக் கொண்டாடியதை அவனால் தாங்க முடியவில்லை. வெள்ளையம்மா, அந்த லயத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவள், மரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து கட்டிலோடு கிடக்கும் புருஷனையும் பார்த்துக்கொண்டு வேலைக்குப் போகிறவள், ஒரு கோப்பைத் தேத்தண்ணியோடு குனிந்து அவனிடம் சொன்னாள்:

"அவசரம் இல்ல தம்பி. ஆறுதலாப் பாரு."

என்ன நக்கல்! அன்றிலிருந்து அவன் பத்தாம் லயத்துப் பக்கமே தலை வைக்கவில்லை. மேல்கணக்குக்குப் போக வேண்டுமானால் பெக்டரி ரோட்டைச் சுற்றித்தான் போவான்.

இந்த வருஷம், தொண்ணூற்றேழில், கோயில் கமிட்டிக் கூட்டத்தில் தோட்டத்து ட்ரக்டர் டிரைவர் சுதாகரன் எழும்பினான். ட்ரக்டர் புதுசு, சிவப்பு, இன்னும் சீட்டில் பொலித்தீன் உரிக்கவில்லை.

"நம்ம ட்ரக்டரு சிங்கம் மாதிரி நிக்கிறப்ப அந்த வழுக்க லொறி எதுக்குங்க? அம்மாவ மறுபடியும் நடுரோட்டுல விடுறதுக்கா?"

தலைவர் கை தூக்கச் சொன்னார். ட்ரக்டருக்கு நல்ல ஆதரவு. கஜேந்திரன் தலையைக் குனிந்துகொண்டான். "சரி, மூக்கனுக்கு யாரு?" என்றதும் பின்பக்கத்தில் ஒரு சலசலப்பு. நிமிர்ந்து பார்த்தால், பத்தாம் லயம் மொத்தமும் கை தூக்கி நிற்கிறது! ஆம்பிளை, பொம்பிளை ஒருவர் மிச்சமில்லை. வெள்ளையம்மா பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையின் கையையும் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தாள்.

மூக்கன் ஜெயித்தான். கஜேந்திரனுக்குக் கண் கலங்கிவிட்டது. சிரித்த சனமே மன்னித்துவிட்டதே! தலைவர் அவனைத் தனியே கூப்பிட்டு, "இந்தத் தடவையும் நின்னான்னு வையி, அதுக்கப்புறம் தேரு ட்ரக்டருக்குத்தான். அந்தப் பேச்சுக்கு மறுபேச்சு கெடையாது," என்று சொல்லி அனுப்பினார்.

இப்போது புரிகிறதா, நிற்கவே முடியாத டயர் என்றதும் அவன் ஏன் விழுந்தான் என்று?

ஆக, டயர் அகலம், ரிம் ஒடுக்கம். திருப்பிக் கொடுக்கலாம் என்றால் ரஸாக் நானாவின் கடையில் சாமான் ஒரு வழியாகத்தான் போகும். ரிம்மை மாற்றுவதுதான் ஒரே வழி.

"கரவனெல்லயில மரம் ஏத்துன பழைய லொறி ஒண்டு ஒடைக்கிறாங்க. அதுட ரிம் இதுக்கெண்டே செஞ்ச மாதிரி ஈக்கும். ஓடுங்க தம்பி!" என்றார் நானா.

ஓடினான். ரிம் வந்தது. போல்ட் ஓட்டைகள் எல்லாம் சரி, நடு ஓட்டை சிறிசு. லேத் பட்டறையில் கொடுத்து நடு ஓட்டையைக் கடைந்து பெரிசாக்கினான். மாட்டினால், பின்னால் சோடி சோடியாக இருக்கிற டயர்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நின்றன, கல்யாண வீட்டில் மல்லுக்கு நிற்கும் சம்பந்திகளைப் போல. நடுவில் ஒரு தடித்த தட்டுப் போட்டுப் பிரித்து வைத்தான். பிரித்ததும் வெளி டயர்கள் மட்காட்டைத் தாண்டிப் பிதுங்கின.

"டயருக்கு ரிம்மு, ரிம்முக்குத் தட்டு. அடுத்தது என்னாங்க, தட்டுக்கு லொறியா?" என்றாள் அவன் மனைவி சுகந்தினி. "அப்புடியே லொறிக்குப் பொருத்தமா ஒரு பொண்டாட்டியும் பாத்துருங்க."

"நீ பேசுவ. மேட்டுல ராத்திரி பூராச் சேத்துல கெடந்தது நானு!"

"கெடந்தப்ப நான் தானே சோறு கொண்டாந்தேன்? அன்னைக்கி எல்லாரும் சந்தோசமாத்தான் இருந்தாங்க."

"அதைத்தாண்டி நானும் சொல்றேன். என்னையப் பாத்துச் சந்தோசப்பட்டுச்சு சனம்!"

கழற்றிய பழைய டயர்கள், மூக்கனை நிறுத்தியிருந்த கோயிலடியில் கிடந்தன. ஒரு நாள் வெள்ளையம்மா வேலை முடிந்து வருகிற வழியில் அங்கே நின்றாள். புது டயரைப் பார்த்தாள். அவள் முகம் சுருங்கிப்போயிற்று.

"ஏன் தம்பி, பழசே நல்லாத்தானே இருந்துச்சு?"

"அதுலயா? அதுல ஒரு பூவு, ஒரு கோடு கெடையாதுக்கா. சோத்துத் தட்டு மாதிரி இருந்துச்சு."

"இருக்கட்டுமே. பழகுன டயரு." கொஞ்சம் யோசித்தாள். "அப்ப காத்தையாவது கொஞ்சம் கொறைச்சு வச்சுக்க."

"ஏங்க்கா, நாங்கதான் இதுல தெனம் கெடக்குறோம். நீங்க பால் வெட்டப் போங்க."

"நாங்க வெட்டுற பால்ல தானே ஒன் டயரே வருது," என்றவள், பழைய டயரைக் காலால் தட்டிப் பார்த்தாள். "இதை வீசிராத தம்பி. எங்க லயத்துக்குக் குடுத்துரு."

கொடுத்துவிட்டான். அன்று பின்னேரமே பத்தாம் லயத்து வாலிபர்கள் வந்து அவற்றை உருட்டிக்கொண்டு போனார்கள். பூச்சட்டி வைக்கவோ ஊஞ்சல் கட்டவோ என்று நினைத்தான். அடுத்த நாள் சுதாகரன் ட்ரக்டரில் எதிரே வந்து நிறுத்தி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அண்ணே! ஒங்க பழைய டயர பத்தாம் லயத்துல என்னா செஞ்சிருக்காங்க தெரியுமா? நீங்க போன வருசம் நின்ன எடத்துலயே ரோட்டோரமா அடுக்கி, மஞ்சப் பூசி, பொட்டு வச்சிருக்காங்க!"

கஜேந்திரனுக்கு இரத்தம் தலைக்கேறியது. நின்ற இடத்தில் நினைவுச்சின்னமா? அப்படியானால் கை தூக்கியதும் கேலிக்குத்தானா? வரட்டும், தேர் அன்றைக்கு வரட்டும். அந்தச் சின்னத்துக்கு முன்னால் புழுதி பறக்கப் போகவில்லை என்றால் தன் பேர் கஜேந்திரன் இல்லை என்று ஸ்டேரிங்கைக் குத்தினான். ஹோர்ன் அடித்துக்கொண்டது.

பிறகு வெள்ளோட்டம் வந்தது. தேரைக் கொண்டுவந்து மூக்கனின் கொக்கியில் இழுவைக் கம்பியை மாட்டினார்கள். புது டயர் உயரம். லொறி உயர்ந்தது, கொக்கியும் உயர்ந்தது, தேரின் முன்பக்கமும் உயர்ந்தது. அம்மன் மல்லாந்து ஆகாயத்தைப் பார்த்தாள்.

பூசாரி இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "என்னாப்பா இது? அம்மா சனத்தைப் பாக்குறதுக்கு ஊர்வலமா, மழை வருதான்னு பாக்குறதுக்கு ஊர்வலமா?"

வெல்டிங் வேலை செய்கிற சிங்கள பாஸ் வந்தார். "ஹரி ஹரி, சரி சரி, கொக்கியப் பதிச்சாப் போதும்," என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிக் கொக்கியைக் கீழே இறக்கி ஒட்டினார். அம்மன் நிமிர்ந்தாள். லொறி நாலு அடி நகர்ந்ததும் கொக்கி ரோட்டு மதகின் போக்குக் கல்லில் இடித்து, பொறி பறந்தது. பாஸ் கொக்கியை மறுபடி மேலே ஏற்றினார்.

"லொறிய எறக்க முடியாட்டித் தேர ஏத்து," என்றார் தலைவர்.

தேருக்கும் பெரிய சக்கரம் தேடி ரஸாக் நானாவிடமே போனான். நானாவின் முகத்தில் பெருநாள் பிறை தெரிந்தது.

"ஜீப் சக்கரம் ஈக்கிது தம்பி. அம்மன் எண்டா என்ன, ஆத்தா தானே. ஆத்தாட காலுக்கு நல்ல செருப்பாப் போட வாணாமா?"

ஜீப் சக்கரம் போட்டதும் தேர் கம்பீரமாக நிமிர்ந்தது. அம்மன் நேரே பார்த்தாள், லொறி நேரே நின்றது, எல்லாரும் கை தட்டினார்கள். தேரைக் கோயில் வாசலுக்கு இழுத்தார்கள். அதன் உச்சி வாசல் வளைவில் 'டங்' என்று இடித்தது. இடித்த இடத்தில் பெரிய எழுத்தில் ஒரு பலகை: 'உபயம்: பழனியாண்டி'.

பழனியாண்டி என்பவர் கஜேந்திரனின் மாமனார். அவர் வாழ்க்கையில் செய்த ஒரே தர்மம் அந்த வளைவு. செய்த நாளிலிருந்து கோயிலுக்கு வருகிறபோதெல்லாம் முதலில் பலகையைத்தான் கும்பிடுவார்.

"பலகையைக் கழட்டுனாத்தான் தேர் வெளிய வரும் மாமா," என்றான் கஜேந்திரன், குரலே வெளியே வராமல்.

"கழட்டிக்க மாப்பிள. கையோட எம் மகளையும் கொண்டாந்து விட்டுரு."

"மாமா!"

"பேரக் கழட்டுறவன் ஒறவையும் கழட்டிக்கணும்."

சுகந்தினிதான் நடுவில் வந்தாள். "அப்பா, வளைவு ஒரே எடத்துல நிக்கிது. கோயிலுக்கு வாறவன்தான் ஒங்க பேரப் பாப்பான். அதே பலகைய லொறி மூக்குல மாட்டுனா, ஒங்க பேரு தோட்டம் பூரா ஊர்வலம் போகும்ல?"

பழனியாண்டி வழுக்கையைத் தடவினார். தேருக்கு முன்னால் தன் பேர் மலையேறுவதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். சம்மதித்தார்.

மூக்கனின் மூக்கில் பலகை ஏறியது. அன்றே பஸாரில் எல்லாரும், "ஓகோ, லொறி மாமனார் வாங்கிக் குடுத்ததா? இத்தன நாளாச் சொல்லவே இல்லியே!" என்று விசாரிக்கத் தொடங்கினார்கள். சொந்தக் கையால் உழைத்து வாங்கிய லொறிக்கு இந்தக் கதி. கஜேந்திரன் பல்லைக் கடித்துக்கொண்டான். எல்லாம் அந்த மேட்டை ஏறும்வரைக்கும்தான்.

திருவிழா நாள் வந்தது. ஐயோ, அந்தக் காலையை என்னவென்று சொல்வது! பறையும் உறுமியும் மலையைப் பிளக்கின்றன. கொழும்புக் கடைகளில் வேலை செய்கிற பிள்ளைகள் புதுச் சட்டையோடு வந்து குவிந்திருக்கிறார்கள். தேரில் சாமந்தியும் வாழையும், வெயிலிலும் எரிகிற கலர் பல்புகளும். ரஸாக் நானாவே தன் டயரைப் பார்க்கப் பஸாரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். மூக்கனுக்கு மாலை, டயருக்கெல்லாம் எலுமிச்சம்பழம். கஜேந்திரன் வேட்டியை மடித்துக் கட்டி ஏறி உட்கார்ந்தபோது அவன் நெஞ்சு எஞ்சினுக்கு முன்னாலேயே ஸ்டார்ட் ஆகிவிட்டது.

நானா ஜன்னலில் எம்பிச் சொன்னார்: "தம்பி, மேட்டுல கியர் மாத்த வாணாம், பிரேக்ல கால வைக்க வாணாம். ஒரே மூச்சு. மறுகா பாருங்க என்ட டயர!"

தேர் நகர்ந்தது. மூக்கன் பூப்போல இழுத்தான். ஒவ்வொரு லயத்திலும் நின்று, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, மேட்டின் அடிக்கு வந்தார்கள். அங்கே சுதாகரன் ட்ரக்டரைத் தயாராக ஒதுக்கி வைத்துக்கொண்டு, சிரித்த முகமாக நின்றான்.

"அண்ணே, மேல கொஞ்சம் பாத்துக்கிருங்க. காலையில இருந்து பத்தாம் லயம் ரோட்டுக்குத் தண்ணி ஊத்துது."

"என்னாது?"

"அம்மா வர்ற பாதையக் கழுவுறாங்களாம். மஞ்சத் தண்ணி. கொடங்கொடமா ஊத்துறாங்கண்ணே!"

கஜேந்திரன் மேலே பார்த்தான். செம்மண் மேடு மஞ்சள் குழம்பாகப் பளபளத்தது. எல்லா லயத்திலும் வாசலுக்கு ஒரு செம்பு தெளிப்பார்கள், அதுதான் வழக்கம். மேட்டையே பிரட்டி நாற்று நடுகிற மாதிரி ஆக்குவது எந்த ஊர் வழக்கம்? இது சுதாகரனின் வேலை. லயத்தையே கைக்குள் போட்டுக்கொண்டு, மூக்கனைக் கவிழ்க்கப் பார்க்கிறான்!

"அம்மா தாயே, மானத்தக் காப்பாத்து!" என்று கத்திக்கொண்டு முதல் கியரைப் போட்டு மிதித்தான்.

மூக்கன் உறுமினான். மஞ்சள் சேற்றில் டயர் இறங்கியது. பின்பக்கம் ஒரு சிலுப்புச் சிலுப்பியது. கூட்டம் "ஓ!" என்றது. ரஸாக் நானா கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த கணம் டயரின் பூக்கள் சேற்றைக் கவ்வின. கவ்வி, கடித்து, துப்பின. ஏறினான் மூக்கன்! கரண்டைக்கால் அளவுச் சேற்றில், 'உபயம்: பழனியாண்டி' முன்னே போக, அம்மன் பின்னே வர, பூசாரி தேர்த் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு "மெதுவாடா, மெதுவாடா!" என்று அலற, ஏறினான்!

பத்தாம் லயம் வந்தது. வாசலில் பந்தல், தோரணம், வாழை மரம். பொட்டு வைத்த பழைய டயர்கள். பானை, தப்பு, சனம். வீட்டு வாசலில் யாரோ கட்டிலைக்கூட வெளியே தூக்கிப் போட்டிருந்தார்கள். படுத்துக்கொண்டே வேடிக்கை பார்க்கிற அளவுக்கு ஆகிவிட்டது என்று அவனுக்கு வெறி ஏறியது. ரோட்டோரத்தில் வெள்ளையம்மா அர்ச்சனைத் தட்டோடு நின்று, ஒரு கையை நீட்டி எதையோ கத்தினாள்.

"நிக்கச் சொல்றியா? நடக்காது!" ஹோர்னில் கையை வைத்தவன் எடுக்கவே இல்லை.

தேர் பறந்தது. பின் டயர்கள் அள்ளி எறிந்த மஞ்சள் சேறு பந்தல் மேலும், பானை மேலும், லயத்துச் சனம் மேலும் சளார் என்று விழுந்தது. கண்ணாடியில் பார்த்தான். மஞ்சள் பூசிய சிலைகளைப் போல எல்லாரும் வாயைத் திறந்தபடி நின்றார்கள். ஆகா, அந்தக் காட்சி! ஒரு வருஷச் சேற்றையும் ஒரே நிமிஷத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

பள்ளிக்கூடத் திடலிலும் அவன் நிற்கவில்லை. வந்த வேகத்தில் மேல்கணக்குக் கோயில் வாசலில்தான் போய் நின்றான். எந்த வருஷமும் தேர் இவ்வளவு சீக்கிரம் அங்கே வந்து சேர்ந்ததில்லை. மேளக்காரர்களே இன்னும் வந்து சேரவில்லை.

கொஞ்ச நேரத்தில் கூட்டம் மூச்சிரைக்க ஏறி வந்து அவனைத் தோளில் தூக்கிவிட்டது. சுகந்தினி அழுதுகொண்டே சிரித்தாள். மாமனார் பலகையில் தெறித்த சேற்றைத் துண்டால் துடைத்து, "நம்ம லொறி!" என்றார். சுதாகரனே வந்து கை கொடுத்தான்.

"ஒண்ணும் சொல்றதுக்கு இல்லண்ணே. நம்ம ட்ரக்டரு ஏறியிருக்காது."

"என்ட டயர்!" என்று ரஸாக் நானா யாரைப் பார்த்தாலும் சொன்னார். "என்ட டயர்!"

தலைவர் மூக்கனின் மாலையைக் கழற்றிக் கஜேந்திரன் கழுத்தில் போட்டார். "இனி ஒன் உசுரு உள்ள வரைக்கும் தேரு ஒனக்குத்தான்டா. எழுதியே தாறேன்!"

கஜேந்திரன் மாலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். இதற்கு மேல் ஒரு மனுஷனுக்கு என்ன வேண்டும்?

அப்போது கூட்டம் விலகியது. வெள்ளையம்மா வந்துகொண்டிருந்தாள். தலையிலிருந்து கால்வரை மஞ்சள் சேறு. கையில் அதே அர்ச்சனைத் தட்டு. தேங்காய் உடையவில்லை, கற்பூரம் எரியவில்லை. அவளுக்குப் பின்னால் பத்தாம் லயம் முழுக்க அதே மஞ்சள் கோலத்தில் ஏறி வந்தது.

கஜேந்திரன் தோளிலிருந்து குதித்து இறங்கினான். எத்தனை நாளாகக் காத்திருந்த நேரம்!

"பாத்தீங்களாக்கா? எவ்வளவு தண்ணி ஊத்துனீங்க! நின்னானா மூக்கன்?"

"நிக்கலியே தம்பி." அவள் டயரைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். கோபமே இல்லை, அதுதான் அவனுக்கு என்னவோ செய்தது. "எங்க வீட்டுக்காரர கட்டிலோட தூக்கி வாசல்ல போட்டிருந்தோம். போன வருசம் விடிய விடிய அம்மா மொகத்தப் பாத்துக்கிட்டே கெடந்தாருல்ல? அந்த ஒரு ராத்திரிய வச்சுத்தான் இந்த வருசம் பூராத் தள்ளுனாரு."

கஜேந்திரன் கீழே மேட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். மேளம் தன்னால் நின்றது.

"அப்ப... அப்ப ஏன்க்கா ஒரு வார்த்த சொல்லல? நானே நிப்பாட்டியிருப்பேனே?"

"நிப்பாட்டக் கூடாதுன்னு கமிட்டி சொல்லுது. அதுவுமில்லாம, நீ நிப்பாட்டுனா அது நீ நின்னது. தன்னால நின்னாத்தானே அம்மா நின்னது?"

பூசாரி ஆமாம் என்று தலையாட்டினார். தலைவர் எங்கேயோ பார்த்தார். ரஸாக் நானா மெல்ல மோட்டார் சைக்கிள் பக்கம் நகர்ந்தார்.

வெள்ளையம்மா முந்தானையால் முகத்துச் சேற்றைத் துடைத்துக்கொண்டு, அவன் கையைப் பிடித்தாள்.

"நீ நின்னுபோவேன்னு நம்பித்தானே ராசா எங்க லயமே ஒனக்குக் கை தூக்குச்சு, பழைய டயர பொட்டு வச்சுப் பத்திரமா வச்சிருக்கோம், நாளைக்கு எறங்குறப்பவாவது அதைப் போட்டுக்கிட்டு வா!"